சுமினாவின் ரத்தம் எந்த வீட்டு ரத்தம்

ஒரே வயிற்றில் பிறந்த ஐந்து பேரில் நான்கு பேர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருத்தி மட்டும் ஏன் தங்கினாள்? யா சுமினாவை ஊர் பார்த்த பார்வையில் கடைசிவரை இந்தக் கேள்வி இருந்தது. அதைவிடச் சங்கடமானது, கேட்டவர்களிடம் பதிலும் தயாராக இருந்ததுதான்.

குமாசி நகரத்திலிருந்து மாம்போங் ஊருக்குப் போகும் சாலையை ஒட்டி அவளுடைய தையல் கடை. பெரும்பாலும் சாவுக்கு உடுத்தும் துணிகள். சனிக்கிழமைச் சடங்குக்குக் கறுப்பும் சிவப்பும் வேண்டியவர்கள் வாரத் தொடக்கத்திலேயே துணியைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். வெள்ளி மாலை வரை அவளுடைய கால் எந்திரம் ஓயாது. தையல் சுத்தமாக இருக்கும். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இடுப்பளவு எடுக்கும்போது, "போன சாவுக்கு இவ்வளவு இல்லையே, சடங்குச் சோறு முழுக்க உனக்குத்தானா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். மிச்சத் துணியைத் திருப்பித் தரமாட்டாள். நல்லவள் என்று அவளைப் பற்றிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. கெட்டவள் என்று சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அவள் தனியாள் என்பது காதுக்கே தெரியும். அந்த வீட்டிலிருந்து ஃபுஃபு இடிக்கும் சத்தம் வராது. அவித்த கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் இடித்துச் செய்யும் ஃபுஃபுவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நின்று உலக்கை போட, இன்னொருவர் உரலருகே உட்கார்ந்து, உலக்கை மேலே போகும் நேரம் பார்த்துக் கையை விட்டு மாவைப் புரட்ட வேண்டும். உலக்கைக்குக் கீழே கையை வைக்கும் அளவுக்கு ஒரு ஆள் சுமினாவுக்கு அமையவில்லை. வாழைக்காயை அவித்துத் தின்றாள்.

அவள் பிறப்பதற்கு முன்பே அவள் அம்மா திவாவுக்கு இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. மூன்றாவது பையனும் நான்காவது பெண்ணும் உயிரோடு இருந்தார்கள், ஆனால் குளிர்காற்று வீசும் மாதங்களில் எலும்பு எலும்பாகப் பிடுங்குகிறது என்று கதறுவார்கள். அந்த நோய்க்கு ஊரில் உள்ள பெயரே உடம்பைப் பிடுங்குவது என்றுதான் பொருள்படும். ஐந்தாவது பிறந்ததும் திவா, சாவை ஏமாற்ற எல்லோரும் செய்வதைச் செய்தாள். குழந்தையை ஊர்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். வடக்கிலிருந்து வந்து, பாக்குபோல் மெல்லும் கோலாக் கொட்டை விற்கும் ஒருத்தி, சொல்லி வைத்தபடி அந்தப் பக்கம் வந்து குழந்தையைக் கண்டெடுத்தாள். ஒப்புக்குக் கொஞ்சம் சில்லறையைத் திவாவின் கையில் வைத்து, "இது என் பிள்ள. எனக்காக நீ வளத்துக் குடு" என்றாள். வியாழக்கிழமை பிறந்ததால் யா; அதோடு பெயரும் குப்பைமேடு என்றே வைத்தார்கள். சுமினா. குப்பையை யார் ஆசைப்பட்டுத் தூக்கிப் போவார்கள்?

சாவு ஏமாந்தது. சுமினா காய்ச்சல் தலைவலி இல்லாமல் வளர்ந்தாள். ஆனால் அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது அண்ணன் இறந்தான். அவள் பெரியவளாகும் முன் அக்காவும் இறந்தாள். கொஞ்ச காலத்தில் அப்பா, பிறகு திவா. அதோடு பதில் உறுதியாகிவிட்டது. சுமினா தின்றுவிட்டாள்.

அதை வெளியே சொன்னவள் திவாவின் தங்கை பிராகோ. சூனியக்காரி அடுத்த வீட்டைத் தொடமாட்டாள், தொடவும் முடியாது. தன் தாய் வழியில் வந்தவர்களை, தன் சொந்த ரத்தத்தைத்தான் அவளால் தின்ன முடியும்; அப்பாவின் சாவு அந்தக் கணக்கில் வராது. இது அங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. அதனால் அயலார் சுமினாவிடம் தயக்கமில்லாமல் வந்து போனார்கள். அவளுடைய ஆட்கள்தான் விலகி நின்றார்கள். துணி தைக்கக் கொடுப்பார்கள், அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பிறந்த குழந்தையை அவள் கண்ணில் காட்டினால் அதிசயம். ஒரு லாரி ஓட்டுநர் அவளைக் கட்டிக்கொண்டான், சில காலம் இருந்தான். அவன் சாதுவானவன். சண்டை எதுவும் போடாமலேயே ஒருநாள் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

பிராகோ ஒருமுறை சாவுத்துணி அளவு கொடுக்க வந்திருந்தாள்.

"தோளைத் தளர்த்துங்க சின்னம்மா," என்றாள் சுமினா. "நான் ஊசிதான் வெச்சிருக்கேன், பல்லு இல்ல."

"உன் பல்லு எங்க இருக்குன்னு யாருக்குடி தெரியும்?"

"உங்களத் தின்னிருந்தா இந்நேரம் நான் எந்திரிச்சு நடக்க முடியுமா? இத்தனை கொழுப்பு எனக்கு ஒத்துக்காது."

கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பிராகோவும் பாதி சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் போன பிறகு சுமினா நெடுநேரம் ஊசியில் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தாள். இப்படிப்பட்ட நகைச்சுவை ஒரு ஆளைக் காப்பாற்றுவதாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அது எதையும் காப்பாற்றவில்லை. பேச்சு முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

சுமினாவுக்கு நாற்பது தாண்டியபோது பிராகோவின் மகள் டுஃபிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தது. தவழத் தொடங்கும் காலத்தில் அதன் கைகளும் கால்களும் வீங்கின. தொட்டாலே வீறிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அரிவாள் அணு நோய் என்றார்கள். டுஃபிக்கு அந்தப் பெயர் தெரியாது. திவாவின் பிள்ளைகளை வாரிப்போன நோய்தான் இது என்று மட்டும் புரிந்தது. டாக்டர் எலிகெம் தாய் வழிச் சொந்தங்களையெல்லாம் வரச்சொல்லிச் சோதித்தார். பிராகோ போனாள். திவாவுக்கும் பிராகோவுக்கும் அண்ணன், குடும்பத் தலைவரான ஜாம்ஃபி மாமா போனார். எல்லோரும் வந்துபோன பிறகு, யாரும் கூப்பிடாமலேயே சுமினாவும் போய்க் கையை நீட்டினாள்.

சில நாட்களில் டாக்டரே அவளுடைய கடைக்கு வந்தார். வோல்டா பக்கத்து எவே இனத்தவர். ஊர்ப் பேச்சைப் பெரிய வயதில் கற்றுக்கொண்டவர், சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார்.

"அம்மா, நீங்க எத்தனை தடவை ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்க?"

"ஒருதடவ பல்லு புடுங்க வந்தேன். படுக்கல, உக்காந்துதான் இருந்தேன்."

"உடம்பு பிடுங்கற வலி?"

"அது எனக்கு வந்ததில்ல, தம்பி. எங்க அண்ணன் அக்காவுக்கு வந்துச்சு."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "உங்க ரத்தத்தை ரெண்டு தடவை பாத்தேன். மாத்தி எடுத்துட்டாங்களோன்னு சந்தேகம், குமாசிக்கு அனுப்பியும் பாத்தாச்சு. உங்களுக்கும் அதே நோய்தான். அவங்களுக்கு இருந்த மாதிரியே, முழுசா."

சுமினா எந்திரத்திலிருந்து காலை எடுத்தாள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் முழு உடம்பையும் கட்டுவதற்கான குறிப்புகள் இருக்கின்றன. அதைத்தான் ஜீன் என்கிறார்கள். கண்ணில் இருக்கும் செல்லுக்குள் எலும்பு செய்யும் குறிப்பும் இருக்கிறது. ஆனால் கண் எலும்பு செய்வதில்லை. அங்கே அந்தக் குறிப்பு மூடியிருக்கிறது. எதைத் திறப்பது, எதை மூடுவது, எப்போது என்பதைச் செல் பார்த்துக்கொள்கிறது. சில புரதங்கள் ஜீனுக்கு அருகே போய் உட்கார்ந்தால் அந்த ஜீன் வேலை செய்யாது. எழுந்து போனால் செய்யும்.

"வயித்துல இருக்கறப்ப பிள்ளை ஒரு மாதிரி ரத்தம் செய்யுது. பொறந்து சில மாசத்துல அந்த ஜீனை மூடிட்டு, பெரியவங்க ரத்தம் செய்யற ஜீனைத் திறந்துக்குது. உங்க வீட்டுக் கோளாறு இந்த ரெண்டாவது ஜீன்லதான். அதான் டுஃபி குழந்தை பொறந்தப்ப நல்லா இருந்துச்சு. வயித்து ரத்தம் தீரத் தீர, வளைஞ்ச அணுவா வந்து ரத்தக்குழாயையெல்லாம் அடைச்சுக்கிச்சு."

"நான்?"

"நீங்க முதல் ஜீனை மூடவே இல்ல. பூட்ட வர்ற புரதம் உக்கார்ற இடத்துல, எழுத்துப் பிழை மாதிரி ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதால சரியா உக்கார முடியல. இந்த வயசுலயும் உங்க உடம்பு வயித்துப் பிள்ளையோட ரத்தத்தைச் செஞ்சுக்கிட்டே இருக்கு. அது நெறைய இருக்கறதால மத்த அணு வளையறதில்ல."

"அந்த எழுத்து எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அம்மா அப்பா இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருக்கலாம்."

சுமினா கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள், மறுபடி எடுத்தாள். "எங்க அண்ணன்கிட்ட அந்த மொத ஜீன் இருந்திருக்காதா?"

"இருந்திருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கு. என்கிட்டயும் இருக்கு. மூடியிருக்கும்."

"இருந்தும் செத்தான்."

"ஆமாம்மா. இருந்தும்தான்."

ஒன்று நம்மிடம் இருப்பதும், அது நமக்கு உதவுவதும் வேறு வேறு என்பதை எவ்வளவோ படித்துத்தான் சிலர் உணர்கிறார்கள். சுமினா படித்தவள் இல்லை. அண்ணன் வலியில் சுருண்டு கிடந்தபோது, அவனைக் காப்பாற்றக்கூடியது அவன் எலும்புக்குள்ளேயே வாய்மூடி உட்கார்ந்திருந்தது என்பதை அவள் அன்றுதான் கேட்டாள். அழவில்லை. டாக்டர் போக எழுந்தபோது மட்டும் கேட்டாள்:

"இதை எங்க ஆளுங்க முன்னாடி வந்து சொல்லுவீங்களா, தம்பி? நான் யாரையும் ஒண்ணும் பண்ணலன்னு?"

அவருக்கும் வரவேண்டிய காரணம் இருந்தது. மூடிய ஜீனைக் கொஞ்சம் திறக்கவைக்கும் மாத்திரை ஒன்று உண்டு. டுஃபியின் குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் சரி என்று சொல்லாமல் டுஃபி அசையமாட்டாள்.

ஞாயிறு மதியம், தேவாலயம் முடிந்து, ஜாம்ஃபி மாமாவின் முற்றத்தில் கூடினார்கள். டாக்டருக்குத் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் கேட்டார்கள். சுமினா ஓரமாக, வாசலுக்கு அருகே உட்கார்ந்திருந்தாள். நல்ல துணி உடுத்தியிருந்தாள். கறுப்பும் சிவப்பும் இல்லாத துணியில் அவளைப் பார்த்துப் பலருக்குப் பழக்கமில்லை.

டாக்டர் நோயைச் சொன்னார், குழந்தையைச் சொன்னார். பிறகு சுமினாவைக் காட்டி, "இவங்க மோஜா உங்க மோஜா மாதிரி இல்ல" என்றார்.

மோஜா என்றால் ரத்தம். அகராதியைப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு குடும்பமாக்கியதே மோஜாதான். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வருவது. நிலமும் வீடும் அதன் வழியேதான் இறங்கும். செத்தால் யார் வந்து தூக்கிப் புதைப்பார்கள் என்பதும் அதை வைத்துத்தான். அப்பா வழியில் சொந்தம் எண்ணும் எவே ஆளான டாக்டருக்கு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது தெரியவில்லை.

ஜாம்ஃபி மாமா முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர். இவ ரத்தம் எங்க ரத்தம் இல்லையா?"

"வேற மாதிரி. உங்க ரத்தத்துல இல்லாதது இவங்ககிட்ட நெறைய இருக்கு."

மாமா பெருமூச்சு விட்டார். அவர் கொடியவர் இல்லை. தங்கை மகளை வாசலருகே உட்கார வைத்துப் பார்ப்பது அவருக்கும் பல வருடச் சுமை. "அப்படின்னா விஷயம் முடிஞ்சுது. வேற ரத்தத்தை எவளும் தின்ன முடியாது. இவ யாரையும் தின்னல. பிராகோ, நீ இத்தனை வருஷமா அநியாயமாப் பேசியிருக்க. மன்னிப்புக் கேளு."

"கேக்கறேண்ணே," என்றாள் பிராகோ. கேட்கவும் செய்தாள். "யா சுமினா, என் நாக்கு தப்புப் பண்ணிடுச்சு. கோலாக்காரி மகளை எங்க பொண்ணுன்னு நெனச்சுத் திட்டிட்டேன். குப்பைமேட்டுல அவ வாங்கினது நெசமான வியாபாரம்னு எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு அண்ணனைப் பார்த்து, "அப்ப இவ இருக்கற திவா அக்கா வீடு யாருக்கு?" என்றாள்.

டாக்டர் முகங்களைப் பார்த்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இல்ல, இல்ல. நான் சொன்ன விதம் தப்பு. ரத்தம் ஒண்ணுதான். இவங்ககிட்ட இருக்கிற ஜீன் உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. உங்களுக்கு மூடியிருக்கு, இவங்களுக்குத் திறந்திருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்."

பிராகோ தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எங்க எல்லாருக்கும் மூடியிருக்கு."

"ஆமா."

"செத்துப்போன நாலு பேருக்கும் மூடியிருந்துச்சு."

"ஆமாம்மா."

"இவளுக்கு மட்டும் திறந்திருக்கு."

"ஆமா, அதுதான்..."

"இதைத்தான டாக்டர் நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்? நான் பள்ளிக்கூடம் போகல, அதனால யாரும் எழுதிவைக்கல."

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. டாக்டரும் சிரிக்க முயன்று, முடியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் டுஃபி பேசினாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணு தெரியணும். அக்கா உடம்புல நடந்தது என் பிள்ள உடம்புலயும் நடக்குமா? அந்த மாத்திரையால?"

"அதே ஜீன்தான். முழுசா இல்லாட்டியும் கொஞ்சம் திறக்கும். வலி குறையும். நிறைய பிள்ளைங்களுக்குக் குறைஞ்சிருக்கு."

"வேற ரத்தத்துல நடந்தது நம்ம ரத்தத்துல எப்படி நடக்கும்?" என்றார் ஜாம்ஃபி மாமா. பிடிவாதமாக இல்லை, யோசனையோடு. "இவ நம்மவன்னா மாத்திரை குடுக்கலாம், அதுல நியாயம் இருக்கு. கோலாக்காரி மகன்னா, அவ உடம்பைக் காட்டி நம்ம குழந்தைக்கு மருந்து குடுக்கறது சரியில்ல. டாக்டர் ரெண்டையும் சொல்றார். ஒரு வீடு ரெண்டையும் வெச்சுக்கிட்டு நடக்க முடியாது." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. வேற ரத்தம்னு சொன்னா உன் பேரு சுத்தம். உன் வீட்டுக்கு வந்து உக்காந்து சாப்பிடுவோம், பிள்ளைங்களை உன் கையில குடுப்போம். வீட்டை மட்டும் நீ இருக்கறவரைக்கும் விருந்தாளியா வெச்சுக்கோ. அப்புறம் உன்னைப் புதைக்கறது எங்க பொறுப்பு இல்ல. ஒரே ரத்தம்னு சொன்னா, நீ திவா மக. செத்தா எங்க ஆளுங்களோட படுத்துக்குவ. ஆனா உன்னப் பத்திப் பேசினது எதையும் நான் திரும்ப எடுத்துக்க முடியாது."

டாக்டர் வாயைத் திறந்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று சொல்ல நினைத்திருக்கலாம். சுமினா அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் சொல்ல வந்தது அவளுக்கு முன்பே தெரியும், கடையில் கேட்டதுதான். அவள் டாக்டரைப் பேசவிடவில்லை.

"ஒரே ரத்தம்தான், மாமா," என்றாள்.

"அப்ப தின்னத ஒத்துக்கறியா?" என்றாள் பிராகோ.

"ஒரே ரத்தம்னு சொன்னேன், சின்னம்மா."

ஜாம்ஃபி மாமா கைத்தடியைத் தரையில் தட்டினார். மாத்திரை கொடுக்கலாம் என்று முடிவானது. டுஃபி அழுதாள். யாரும் எழுந்து வாசலருகே போகவில்லை. டுஃபி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போகும்போது, வழக்கம்போல் சுமினாவைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கமாகப் போனாள்.

குழந்தைக்கு அந்த மாத்திரை ஓரளவு வேலை செய்தது. முதல் வருடம் குளிர்காற்று மாதத்தில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது, இரண்டாவது வருடம் போகவில்லை. டாக்டர் எலிகெம் இதைச் சொல்லக் கடைக்கு வந்தார். இந்த இரண்டு வருடத்தில் அவர் பேச்சு தேறியிருந்தது. ரத்தம் என்ற சொல்லையே தொடாமல் விஷயத்தை விளக்க ஒரு வழி கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். மறுபடி ஒருமுறை முற்றத்தில் எல்லோரையும் கூட்டினால் போதும், தானே பேசி அவள் பெயரையும் சுத்தமாக்கி, அவளை அவர்களுடைய பெண்ணாகவும் ஆக்கிவிட முடியும். அந்தப் பிழை தன்னுடையது, அது தன்னை உறங்கவிடவில்லை என்றார்.

சுமினா அப்போது ஒரு கறுப்புத் துணிக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துக் கத்தரிக்கோலை வைத்தாள்.

"வர வேணாம், தம்பி," என்றாள்.

"ஏம்மா?"

"அன்னைக்கு நான் சொன்னதுலதான் பிள்ளைக்கு மாத்திரை போய்க்கிட்டிருக்கு, தெச்சதப் பிரிக்க வேணாம்" என்று அவள் அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.